ஆற்றுவாயிலிருந்து கிட்டங்கி வரை: மட்டக்களப்பு வாவியோரம் ஒரு பொங்கல் விடுமுறை

முதல் நாள்: பாலமீன்மடு

பொங்கலுக்கு ஊர் வந்தவர்கள் வாவியைப் பார்க்கப் புறப்படுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்று உண்டு. "அண்ணன், ஆத்துவாய் வெட்டியாச்சா?" வாவி கடலோடு சேரும் வாயை அடைத்த மணலை வெட்டித் திறந்தாயிற்றா என்பதே கேள்வி. தோணி கட்டிக்கொண்டு நிற்கும் யாரிடம் கேட்டாலும் பதில் கிடைக்கும். தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, என்ன நிறம், எவ்வளவு உப்பு, வலையில் எது ஏறும், பறவை எந்தக் கரையில் இறங்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தவை. அதனால் இந்தப் பயணம் முகத்துவாரத்தில் தொடங்கித் தெற்கே, உப்புக் குறைந்துபோகும் திசையில் செல்கிறது.

வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். ஆழமான இடத்திலும் 4 மீற்றர் அளவுதான். கடலோடு சேரும் வாய்கள் இரண்டு: பாலமீன்மட்டில் ஒன்று, தெற்கே பெரியகல்லாற்றில் மற்றது. நமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆகவே வாவி நீரை அன்றாடம் மாற்றிப்போடும் வலு அலைக்கு இல்லை. மாற்றுவது மழையும் வாயை அடைக்கும் மணல் திட்டும்தான்.

பார் வீதியால் நேரே வந்தால் வெளிச்சவீடு. 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். எதிர்ப்பக்கத்தில் நாவலடியின் ஒடுங்கிய மணல் நாக்கு: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் இரண்டு பக்கமும் ஒன்றாகிப்போன நிலம் அது. நினைவிடத்துக்குப் போகிறவர்கள் கமராவைப் பையில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

வாய் எப்படி அடைபடுகிறது? கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் நீர் குறைந்துவிடும். வெளியே தள்ள நீர் இல்லாதபோது கரையோரம் நகரும் மணலை அலை கொண்டுவந்து வாயில் குவிக்கும். ஒக்டோபருக்குப் பின் வாடை (வடகீழ்க் காற்று) மழை இறங்கியதும் குளங்கள் நிரம்பி வழிந்து, வயல் வடிச்சலும் சேர்ந்து வாவிக்குள் வரும். போக வழியில்லாமல் மட்டம் ஏறும். மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக நெல் வேளாண்மை மூழ்கத் தொடங்கும், கிழக்குக் கரையான எழுவான்கரையில் பள்ளமான ஒழுங்கைகளுக்குள் தண்ணீர் வரும். அப்போதுதான் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறக்கி வெட்டுவார்கள்.

வெட்டுவது சில மீற்றர் அகல வாய்க்கால்தான், மீதியைத் தண்ணீரே செய்துகொள்ளும். வாவி மட்டம் கடலைவிட உயர்ந்து நிற்கிறபோது, கடல் வற்றும் நேரம் பார்த்துத் திறந்தால் ஓட்டம் மணலை அரித்துத் தானே அகலமாகும். மட்டம் போதாத நேரத்தில் வெட்டினால் ஓட்டத்துக்கு வலுவில்லாமல் அடுத்த பெரிய அலைகளிலேயே மணல் திரும்ப மூடும். பிந்தி வெட்டினால் கதிர் வெளிவராத குடலைப் பருவத்து நெல் தண்ணீருக்குள் அழுகும். முந்தி வெட்டினால் வெள்ளம் வடிந்த கையோடு உப்பு உள்ளே ஏறி, கரையோர வயல்களைத் தொடும். மீன்பிடிக்காரருக்கோ வாய் திறந்தே ஆக வேண்டும். இறால் முட்டையிடுவது கடலில். ஒரு சென்ரிமீற்றர் அளவுக் குஞ்சுகள் வாவிக்குள் வந்துதான் வளரும். வாய் அடைத்துக் கிடந்தால் அந்த வருடத்து இறால் குறையும். வேளாண்மைக்காரர், மீன்பிடிக்காரர் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த நாளில் வெட்டுவது என்பது அதனால்தான் எளிதில் முடிகிற பேச்சாக இருப்பதில்லை.

வெட்டிய வாய் அருகே நிற்கிறவர்கள் விளிம்பிலிருந்து பத்து மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். மேலே காய்ந்து உறுதியாகத் தெரியும் மணலின் அடியை ஓட்டம் தோண்டிக்கொண்டிருக்கும், பாளமாகத்தான் சரியும். பிள்ளைகளின் கையை விடக்கூடாது. இந்தக் காலத்தில் இங்கே குளிக்கவே கூடாது.

உப்பை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், நகரத்துத் தோணாக்களின் (வடிகால் ஓடைகளின்) கழிவும் இதற்குள்தான் வருகிறது. இறால் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் றிஃப்ரக்டோமீற்றர் என்ற சின்னக் கைக்கருவி போதும். முதலில் காய்ச்சி வடித்த நீர் இரண்டு துளி விட்டு அளவைப் பூச்சியத்துக்குத் திருகிக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடியைத் துடைத்து, வாவி நீர் இரண்டு துளி விட்டு, குமிழி விழாமல் மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு காட்டுவதுதான் உப்பளவு. கடல்நீர் ஆயிரத்துக்கு 35 அளவில் நிற்கும். முந்திய துளியின் உப்புக் காய்ந்து ஒட்டியிருந்தால் அடுத்த வாசிப்புக் கூடுதலாகக் காட்டும், எனவே ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

மாரியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மழைநீர் இலேசானது, கடல்நீர் கனமானது. இரண்டும் உடனே கலப்பதில்லை. மேலே ஆற்றுநீர் வெளியே போய்க்கொண்டிருக்க, அடியால் உப்புநீர் ஆப்பு மாதிரி உள்ளே நுழையும். மேல்நீரை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு "வாவி இனித்துப்போச்சு" என்று சொல்வது அதனால்தான் பிழைக்கிறது. அடிநீர் எடுக்க அரை லீற்றர் போத்தலின் கழுத்தில் கயிறு கட்டி, தக்கையை வேறொரு மெல்லிய கயிற்றில் கட்டி இறுக்குங்கள். அடியில் ஒரு கிலோவுக்குக் குறையாத கல். அரைக் கிலோக் கல் போதாது: தண்ணீருக்குள் கல்லின் பாரம் குறையும், காற்றடைத்த போத்தல் அதைத் தூக்கிவிடும். வேண்டிய ஆழத்துக்கு இறக்கித் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் அந்த ஆழத்து நீர் நிரம்பும். முகத்துவாரத்துக்கு அருகே மேல்நீரையும் அடிநீரையும் இப்படி ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு நீர் என்பது அங்கேயே தெளியும்.

இரண்டாம் நாள்: வலையிறவு

நகரத்திலிருந்து வவுணதீவுப் பக்கம் போகும்போது வருவது வலையிறவுப் பாலம். சூரிய உதயம் இந்த நாட்களில் 6.20ஐ ஒட்டி. கண்டல் காட்டுக்குள் இறங்குவதானால் ஏழு மணிக்கே இறங்கிவிட வேண்டும். ஒன்பது தாண்டினால் காற்றே இல்லாத வேக்காடு, நுளம்பு வேறு. குதிக்கால் வார் உள்ள செருப்புப் போடுங்கள். சாதாரண ரப்பர் செருப்பைச் சேறு பிடுங்கி வைத்துக்கொள்ளும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கூடும் காலம் இது.

மரங்களை அடையாளம் காண வேரிலிருந்து தொடங்குவது நல்லது. இலை ஏமாற்றும், வேர் ஏமாற்றாது.

தண்ணீருக்குள்ளேயே வளைந்த கால்களை ஊன்றி நிற்பது கண்டல். அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரித் தொங்கி, முற்றியதும் கழன்று விழும். சேற்றில் குத்தி நிற்பதும் உண்டு, மிதந்துபோய் வேறிடத்தில் ஒதுங்குவதும் உண்டு.

மரத்தைச் சுற்றிப் பென்சில் பென்சிலாகத் தரையிலிருந்து மேலே முளைத்து நிற்கும் வேர்கள் கண்ணாவுடையவை. இலையின் கீழ்ப்பக்கம் சாம்பல் வெள்ளை. வெயில் காலக் காலையில் இலையில் உப்புத் துகள் ஒட்டியிருக்கும். வேரால் வடிகட்ட முடியாத உப்பை இலையால் வெளியேற்றுகிற மரம் இது. உப்பை அதிகம் தாங்குவதும் இதுதான். மாரியில் மழை கழுவிவிடுவதால் இப்போது வந்து துகளைத் தேடினால் காணக் கிடைக்காது.

அதேபோல மேல்நோக்கி முளைத்த வேர், ஆனால் தடித்துக் கூம்பாக, சில இடங்களில் முழங்காலையும் தாண்டி உயர்ந்திருந்தால் அது கிண்ணை. உப்புக் குறைந்த இடத்து மரம். பூ இரவில் விரியும், வௌவால் வரும், விடிந்ததும் இழைகள் கொட்டிவிடும். காய் தட்டையான உருண்டை, நட்சத்திரம் போன்ற புல்லி அதன் அடியில் ஒட்டியிருக்கும். கண்ணா அடர்ந்த இடத்திலிருந்து கிண்ணை தென்படும் இடத்துக்கு வந்துவிட்டோமென்றால் நல்ல தண்ணீர் வரும் வழி ஏதோ அருகில் இருக்கிறது. கருவி இல்லாதபோது உப்பை அறிய இந்த மரங்களே போதும்.

கரைப் பக்கமாக, சற்று மேட்டில் நிற்பது தில்லை. மேலே முளைக்கும் வேரும் இல்லை, ஊன்றுகாலும் இல்லை. உதிருமுன் இலை சிவக்கும். கிள்ளினால் வெண்பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வை போகும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். பட்டுவிட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் கால் மணித்தியாலமாவது விடாமல் கழுவிவிட்டு ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். தில்லைக் கொப்பை ஒடித்து வழி செய்யாதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள், புகையும் கண்ணை எரிக்கும். கூட வரும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டிக்கொடுக்க வேண்டிய மரம் இது. அதன் கீழே பளபளப்பான முள்ளிலையும் ஊதாப் பூவுமாக நிற்பது கழுதைமுள்ளி.

நடக்கும்போது கண்ணாவின் பென்சில் வேர்களை மிதிக்கக் கூடாது. சேற்றுக்குள் காற்று இல்லை, மரம் மூச்சு விடுவதே அவற்றால். ஒரு குழு திரும்பத் திரும்ப ஒரே வழியால் நடந்தால் அந்த வழியோர மரங்கள் நலிந்துவிடும். சேற்றில் வரும் அழுகிய முட்டை நாற்றம் கழிவின் நாற்றமென்று பலர் நினைக்கிறார்கள். காற்றில்லாத சேற்றில் இலைகுழைகள் மக்கும்போது நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாயு அது, கண்டல் சேற்றுக்கு அது இயல்பு.

இந்தப் பக்கத்தில் 1980களின் இறால் பண்ணைக் காலத்தில் வெட்டப்பட்டு, போரில் கைவிடப்பட்ட குளங்களும் உண்டு. அணை உடைந்து நீர் வந்துபோகும் குளத்தில் கண்ணா தானாகவே திரும்ப வளர்கிறது. அணை உடையாத குளத்தில் நீர் தேங்கி, வெயிலில் உப்பு ஏறி, ஒன்றும் முளைப்பதில்லை. மீட்க விரும்புகிறவர்கள் நாற்றுக்கு முன் மண்வெட்டியைக் கையில் எடுத்து அணையில் வாய் வெட்ட வேண்டும்.

கண்டல் நடுகையைப் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுனாமிக்குப் பின் இலங்கைக் கரையெங்கும் நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு 23 இடங்களைப் பார்த்தது: ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். காரணம் பெரும்பாலும் ஒன்றே: எடுக்கவும் நடவும் இலகு என்பதால் எல்லா இடத்திலும் ஊன்றுகால் கண்டலின் முளையையே குத்தினார்கள், அந்த இடத்தின் நீரையும் உப்பையும் பார்க்கவில்லை, நட்டபின் திரும்பியும் பார்க்கவில்லை. நமது வாவியில் இன்னொரு ஆபத்து, வாய் அடைபட்ட மாதங்களில் நீர் வடியாமல் நிற்பது. ஆவணியில் ஈரமாகத் தெரிந்த சேற்றில் நட்ட கன்று மார்கழியில் தலை மூழ்கி, வாரக்கணக்கில் அப்படியே நின்று செத்துவிடும். ஆகவே மாரி வெள்ளம் கரை மரங்களின் தண்டில் விட்டுப்போன கறையைப் பார்த்து, கன்றின் நுனி அதற்கு மேலே வரக்கூடிய இடத்தில் மட்டும் நட வேண்டும். முளைக்கும் காய்க்கும் இடையில் மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் முளை முற்றியது. மூன்றில் ஒரு பங்கைச் சேற்றில் அமர்த்தினால் போதும், கூர்நுனி கீழே போக வேண்டும். மாடும் ஆடும் வரும் கரையானால் வேலியில்லாமல் நடுவது வீண்வேலை.

மூன்றாம் நாள்: மண்முனை

2014இல் பாலம் திறக்கும் வரை இங்கே கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகப் படகுப்பாதைதான் (ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவை). இன்று பாலத்திலிருந்தே இரண்டு பக்கமும் பார்க்கலாம், வாகனங்களைக் கவனித்து நிற்க வேண்டும்.

பறவை பார்க்க வெளிச்சம் பின்னால் இருக்க வேண்டும். வாவி தெற்கு வடக்காகக் கிடப்பதால் கணக்கு எளிது: காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். மாற்றிச் செய்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகவே தெரியும். 8×42 தொலைநோக்கி போதும். தோணியில் இருக்கும்போது இதைவிடப் பெரியது கை நடுக்கத்தில் பயன்படாது.

ஆற்றுவாய் திறந்து மட்டம் இறங்கிய கிழமைகள்தான் சிறந்தவை. சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டதும் வலசைப் பறவைகள் இறங்கும். அவை ஒக்டோபர் முதல் மார்ச் வரை இருக்கும். நீர் நிறைந்து நின்றால் முழங்கால் ஆழத்தில் இரை தேடும் நெடுங்கால் உள்ளானுக்குக்கூட இடமிராது. கூழைக்கடாவும் நீர்க்காகமும்தான் மிஞ்சும்.

வெள்ளைக் கொக்குகளைப் பிரிப்பதற்குக் கால் விரலையும் வாயையும் பாருங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல் என்றால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகாக இருந்து, வாயின் பிளவுக் கோடு கண்ணுக்குக் கீழோடு நின்றால் நடுத்தரக் கொக்கு. அதே கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் பெரிய கொக்கு. தூரத்தில் உயரத்தை மட்டும் வைத்துச் சொல்வது பிழைக்கும், சேற்றில் எவ்வளவு புதைந்து நிற்கிறது என்று தெரியாதல்லவா. தண்ணீரை ஒட்டிப் பறந்து மேலிருந்தே கொத்துகிற சாம்பல் ஆலா பெரும்பாலும் மீசை ஆலா. தடித்த கறுப்பு அலகோடு, கண்ணைச் சுற்றிக் கறுப்புத் தீற்றலோடு வந்தால் அது வேறு, பருத்த அலகு ஆலா.

தோணி எடுப்பதானால் ஆறரைக்கு ஏறிப் பத்துக்குள் கரை சேருங்கள். அதன்பின் வாடைக் காற்று எழும்பும். வாவி அகலமான இடங்களில் ஆழம் குறைவு, காற்றுக்கு அலை குட்டையாக, அடுத்தடுத்து வரும். தட்டையான தோணிக்குள் தண்ணீர் ஏறுவது இப்படித்தான். சவள் (துடுப்பு) வலிக்கிற தோணியில் வலிப்பவரைத் தவிர இரண்டு பேர், நடுவில், கீழே இருந்துகொள்ள வேண்டும். பாதுகாப்பு அங்கி உங்களிடமே இருக்கட்டும், எல்லாத் தோணியிலும் இராது. முதலை உண்டு. கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு வருவதும், கரையோரப் பற்றைகளுக்குள் இறங்குவதும் வேண்டாம்.

பறவைக் கூட்டத்தை நோக்கி நேரே போனால் எழும்பிவிடும். சாய்வாக, கடந்துபோகிற மாதிரி வலிக்கச் சொல்லுங்கள். தலைகளை உயர்த்தத் தொடங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும். வலசை வந்தவை திரும்பப் பறக்கக் கொழுப்புச் சேர்க்கிற நாட்கள் இவை, ஒரு படத்துக்காகக் கூட்டத்தையே எழுப்புவது அவற்றின் தீனியைப் பறிப்பதுதான். தங்கூசி (நைலோன் இழை) வலை கிடந்து நீர்க்காகம் சிக்கியிருப்பதைக் கண்டால் முதலில் துணியால் தலையை மூடுங்கள், அமைதியாகும். அலகைப் பிடித்துக்கொண்டு, சிறகிலிருந்து காலை நோக்கி இழையை வெட்டி எடுக்க வேண்டும். இழுத்தால் தோல் கிழியும். அந்த வலை தடைசெய்யப்பட்டது. தண்ணீரில் மக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்து கொல்கிறது.

பாடும் மீன் கேட்க முடியுமா என்று விடுமுறைக்கு வரும் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மாதத்தில் முடியாது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, காற்றில்லாத பூரணை இரவில், கல்லடிப் பாலத்தடியில் சவளின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். இப்போது வெள்ளத்தின் ஓட்டச் சத்தம்தான் கேட்கும்.

நான்காம் நாள்: குருமண்வெளி

குருமண்வெளித்துறையிலிருந்து மண்டூருக்குப் படகுப்பாதையில் கடக்கலாம். மோட்டார் சைக்கிளும் ஏறும். காற்றுக் கூடினால், வெள்ளம் இழுத்தால் நிறுத்திவிடுவார்கள், அந்த நாளில் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வர வேண்டியதுதான். படகுப்பாதையின் ஓரத்தில் நின்றே உப்பளவு பார்க்கலாம். இரண்டு கரையிலும் பற்றைகள் மாறியிருப்பது கண்ணுக்கே தெரியும், கண்ணா குறைந்து நாணலும் சம்பும் தொடங்குகின்றன.

துறையில் நண்டு வாங்குவதானால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். ஒரே அளவில் இரண்டில் பாரமானது சதை நிறைந்தது. வயிற்றோட்டின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது, அமுங்கினால் ஓடு கழற்றி அதிக நாளாகவில்லை, உள்ளே தண்ணீர்தான். வயிற்றுமடலுக்கு வெளியே முட்டை தெரியும் பெண் நண்டை வாங்க வேண்டாம், திரும்ப விடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள்: கிட்டங்கி

கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் வீதியில், அம்பாறை மாவட்டத்துக்குள் வருகிறது கிட்டங்கித் தாம்போதி, வெள்ளம் மேவக்கூடிய தாழ்ந்த வீதிக்கட்டு. வாவியின் தென்கோடி. இங்கே நீர் நல்ல தண்ணீருக்குக் கிட்ட. வலையில் மணலை மீனும் கொடுவாவும் குறைந்து விராலும் சுங்கானும் வரும். சுங்கானின் முள் நஞ்சுடையது. குத்தினால் தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் கையை வைத்திருந்தால் வலி இறங்கும், ஆனால் வைத்தியரிடம் காட்டவும் வேண்டும்.

மழை பலத்தால் தாம்போதியை மேவி வெள்ளம் பாயும். முழங்காலுக்குக் கீழே ஓடும் நீர்கூட மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அன்றாடம் இதைக் கடந்து வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் சனங்கள் படுகிற பாடு, பார்க்க வந்தவர்களுக்கு ஒரு நாளில் விளங்காது. தண்ணீர் மேவியிருந்தால் உள்ளூர்க்காரர் துணையில்லாமல் இறங்காதீர்கள். மாலையில் யானை வரும். நான்கு மணிக்கே திரும்பிவிடுவது நல்லது.

நீரை மூடிக் கிடப்பவை இரண்டு. ஊதாப் பூவும் காற்றடைத்த தண்டும் உள்ளது ஆற்றுவாழை. சிறிய மடிந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்பரப்பில் மயிரடர்ந்து தண்ணீர் ஒட்டாமல் இருப்பது சல்வீனியா. ஆற்றுவாழை சாதகமான காலத்தில் இரண்டு கிழமையில் இரட்டிக்கும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வயலிலிருந்து வடிந்து வரும் பசளை அதற்குத் தீனி. மூடிய பரப்பின் கீழே வெளிச்சம் போகாது, உயிர்வாயு குறைந்து மீன் செத்து மிதக்கும். தாம்போதியின் மதகுகளில் பாய் பாயாக வந்து அடைத்தால் வெள்ளம் வடியாமல் மேலே ஏறுகிறது, அதனால்தான் பெக்கோவால் வாரி எடுக்கிறார்கள். வாரியதைக் கரையிலேயே போட்டால் அடுத்த வெள்ளம் திரும்ப உள்ளே கொண்டுவரும். மேட்டில் குவித்துக் காயவிட்டு, மக்கச்செய்து பசளையாக்குவது பலன் தரும்.

இதற்குப் பகை உப்பு. கடலின் உப்பில் நாலில் ஒரு பங்கு வந்தாலே ஆற்றுவாழை கருகத் தொடங்கும். கல்லாற்று வாய் திறந்த பிறகு கீழ்நோக்கி மிதந்துபோகும் பாய்கள் ஓரங்களில் மஞ்சளாகி ஒதுங்கிக் கிடப்பது அதனால்தான். ஆனால் உப்பை இங்கே வரை ஏறவிட்டால் வயல் போய்விடும். ஆகவே இந்தக் கோடியில் கையாலும் இயந்திரத்தாலும் அகற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இலைக்கோழிக்கு மட்டும் இந்தப் பாய் பிடித்திருக்கிறது. நீண்ட விரல்களைப் பரப்பி இலைமேல் நடந்து திரியும். நத்தை குத்தி நாரை அலகின் நடுவே இடைவெளியோடு நிற்கும். கரையில் உடையாத ஆனால் வெறுமையான நத்தை ஓடுகள் கிடந்தால் அது தின்றுவிட்டுப் போன இடம்.

திரும்புமுன் ஒரு வேலை. சல்வீனியாவின் கணு ஒன்று செருப்பில் ஒட்டினாலும் புதிய குளத்தில் அது முளைத்துவிடும். செருப்பு, அத்தாங்கு, தோணியின் அடி, கால்சட்டையின் மடிப்பு எல்லாவற்றையும் இங்கேயே உதறி, கரையை விட்டுத் தள்ளி நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்ட பிறகே வேறு குளத்துக்குக் கொண்டுபோங்கள். உன்னிச்சைக்கோ நவகிரிக்கோ அடுத்து போவதாக இருந்தால் வேறு செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.